உருமேயின் இடது கண்

செகிமோத்தோவுக்கு முகங்களைப் பிடிக்கும், மனிதர்களைப் பிடிக்காது என்று எங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அவளுக்கு மனிதர்களையும் பிடிக்கும். என்ன, ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேச ஆரம்பித்தால், அவர் சொல்வதை விட்டுவிட்டு அவருடைய மேலுதடு எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நான் என் மாமியார் கொடுமையையெல்லாம் கொட்டி அழுது முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ அழும்போது வலது புருவம் மட்டும் மேல போகுது, உனக்குத் தெரியுமா?" என்றாள். கையில் இருந்த தேநீரை அவள் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது.

எங்கள் வேலையில் அவள்தான் முதல் கை. கதை எழுதுபவர் 'துறுதுறுப்பான சிறுமி' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்கு மூக்கு, முழங்கால், கோபம், கொட்டாவி எல்லாம் கொடுப்பது செகிமோத்தோ. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், சிரிக்கும் முகம், அழும் முகம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து வைப்பாள். அதற்கு மாடல் ஷீட் என்று பெயர். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நூறு பேர் வரைந்தாலும் ஒரே கை வரைந்தது போல் இருக்க வேண்டும். நான் அடுத்த மேசைக்காரி. அவள் வரைந்த உருவத்துக்குத் தலைமுடி என்ன நிறம், நிழலில் நின்றால் சட்டை என்ன நிறம் என்று முடிவு செய்வது என் வேலை. என் பெயர் ஒகுதேரா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

மாடல் ஷீட்டில் ஒரு கோடு கூடினால், அதை ஆயிரக்கணக்கான படங்களில் யாரோ ஒருவர் கை வலிக்க வலிக்க வரைந்தாக வேண்டும். அதனால் கோட்டைக் குறைக்கத் தெரிந்தவர்தான் எங்கள் தொழிலில் கெட்டிக்காரர். செகிமோத்தோ இதில் மகா கருமி. நாலு பொத்தான் இருந்தால் மூன்றாக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை ஒரு கோட்டுக்காக இயக்குநரோடு மல்லுக்கு நின்றாள். அதுவும் அந்தக் கோட்டை வைப்பதற்காக இல்லை, வைக்காமல் விடுவதற்காக.

அந்த மல்லுக்கட்டு நடந்த தொலைக்காட்சித் தொடரின் நாயகி உருமே. துறைமுக ஊர்ச் சிறுமி, கருவாடு போடும் ஒரு மத்தி மீனின் பெயர் அவளுக்கு. தொலைந்துபோன பொருள்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். அவ்வளவுதான் கதை. செகிமோத்தோ முதல் ஓவியத்தை என் மேசையில் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது மினோரி இல்ல?"

"சேச்சே. கொஞ்சம் சாயல் வந்திருக்கும்."

"சாயலா? பிள்ளையைத் தூக்கித் தாள்ல ஒட்டி வச்சிருக்க, சாயலாம் சாயல்!"

மினோரி அவளுடைய ஒரே மகள். அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுடைய அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டிருந்தார். அதனால் பள்ளி விட்டதும் குழந்தை நேராக ஸ்டுடியோவுக்கு வந்துவிடும். அம்மாவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்னும், அங்கேயே தூங்கியும்விடும். எல்லோருக்கும் செல்லம். இமைக்கு மேலே மெல்லிய மடிப்பு எங்கள் ஜனங்களில் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. மினோரிக்கு வலது கண்ணில் இருந்தது, இடது கண்ணில் இல்லை. ஒரு கண் விழித்துவிட்டது, இன்னொன்று இன்னும் படுக்கையில் புரள்கிறது என்பது போல் இருக்கும் அந்த முகம். உருமேவுக்கும் அதே கண். யோசிக்கும்போது கீழுதட்டின் ஓரத்தை மட்டும் கடிக்கிற அதே பழக்கம்.

இயக்குநர் தாளைப் பார்த்தார். நல்ல மனிதர், எல்லோரையும் 'சான்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார், ஆனால் வேலை முடிய வேண்டுமே.

"செகிமோத்தோ சான், ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கட்டும். இப்படி இருந்தா ஒரு படத்தைக்கூட இடவலமாத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்த முடியாது. மடிப்பு மாறிப்போயிடும்."

"திருப்பிப் போட வேண்டாம். புதுசா வரையட்டும்."

"யாரு வரையறது? பசங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"இந்தக் கண்ணு இல்லன்னா இவ உருமே இல்ல. வேற யாராவது வரைஞ்சுக்கட்டும், நான் எந்திரிச்சுப் போறேன்."

அவள் அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. இயக்குநர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கண் அப்படியே இருந்தது. மாடல் ஷீட்டின் ஓரத்தில், 'இடது கண்ணுக்கு மடிப்பு கிடையாது' என்று பெரிதாக எழுதி வைத்தாள். அப்படியும் வரைகிற பிள்ளைகள் பழக்கதோஷத்தில் தாளை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் திருப்பிப் போட்டு வரைந்துவிடுவார்கள். தூங்கும் கண் வலப்பக்கம் போயிருக்கும். செகிமோத்தோ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்துவாள். தொடர் வந்தபோது ஜனங்கள் மயங்கியது அந்தக் கண்ணில்தான். உருமே பையில் வந்தாள், பிஸ்கெட்டில் வந்தாள், ரயில் பெட்டி முழுக்க வந்தாள். செகிமோத்தோவுக்கு வரைந்த கூலி வந்தது. உருமே தயாரிப்புக் குழுவின் சொத்து. எங்கள் தொழிலில் அதுதான் நடைமுறை, யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

மினோரிக்கு முதலில் ஒரே பெருமை. வகுப்பில், "உருமே, என் பென்சில் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு" என்று பிள்ளைகள் கேட்டால் காதில் கைவைத்துக் கேட்பது போல் நடிப்பாளாம். இரண்டு வருஷத்தில் அந்த விளையாட்டு புளித்துப்போனது. உயர்நிலைப் பள்ளியில் அவளை யாரும் மினோரி என்று கூப்பிடவில்லை. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கல்லூரியில் ஒரு பையன் அவளை விரும்புவதாகச் சொன்னான். மினோரியும் ஆசையோடு அவன் அறைக்குப் போயிருக்கிறாள். சுவர் முழுக்க உருமே. தலையணை உறையிலும் உருமே. "உன் கண்ணு அப்படியே அவளோடது" என்று அவன் உருகினானாம்.

அன்று மாலை மினோரி நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் இருந்தோம். அம்மாவின் மேசை முன்னால் நின்று அழுதுகொண்டே கேட்டாள்.

"நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?"

செகிமோத்தோ பதில் சொல்லியிருக்கலாம். கட்டிக்கொண்டாவது இருக்கலாம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் இடது இமை அழும்போது எப்படிக் கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில் இருந்தது, அது அசையக்கூட இல்லை. ஆனால் அந்தப் பார்வையை மினோரி பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"பாரு, இப்பவும் வரையற" என்றாள்.

அதோடு போய்விட்டாள். மலைகளுக்கு அப்பால் நீகாத்தாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை என்று தெரிந்தது. புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து வரும், ஒரு வரி. படம் வராது. செகிமோத்தோவும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் இல்லை. எனக்கு மட்டும் அப்படி ஒரு மகள் இருந்திருந்தால் பனி மலையைத் தாண்டிப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். இதை அவளிடமே சொன்னேன். "நான் போனா அவ முகத்தைப் பாப்பேன். பாத்தா வரைஞ்சிடுவேன்" என்றாள்.

இப்படி ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தபோதுதான் நவாத்தா வந்தான். கைபேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆள். சின்ன வயசு, பெரிய சிரிப்பு, பேச்சுக்குப் பேச்சு குனிந்து வணக்கம். தயாரிப்புக் குழுவிடமிருந்து உருமேயை விளையாட்டுக்கு வாங்கியிருந்தார்கள். கூட்ட அறையில் ஒரு பெட்டி இனிப்பை வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"ரசிகர்கள் எல்லாம் வளந்துட்டாங்க செகிமோத்தோ சான். உருமேயும் வளரணும் இல்லையா? பதினேழு வயசு உருமே! கோடைக்கு நீச்சல் உடை, குளிர்காலத்துக்குக் கல்யாண உடை. காசு கட்டி ஆடினாத்தான் உடை கிடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா."

செகிமோத்தோ கேட்டாள். "நான் முடியாதுன்னு சொன்னா?"

"ஐயோ, கட்டாயமே இல்லைங்க. வேற ஆளை வச்சுப் பண்ணிக்குவோம். அதே முகம்தானே, உங்க பழைய ஷீட் இருக்கு. கண்ணு, உதடு எதையும் மாத்த மாட்டோம், சத்தியமா!"

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். செகிமோத்தோ எழுந்து கழிவறைக்குப் போனாள். முகம் கழுவித் திரும்பி வந்தாள், நெற்றி மயிரெல்லாம் ஈரம். "நானே வரையறேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் வைத்த இனிப்பைத் தூக்கி அவள் மேசையில் போட்டேன்.

"தின்னு. பிள்ளையை ஒரு தடவை வித்தது போதாதுன்னு இப்போ துணியையும் உருவி விக்கப் போற. இனிப்பு நல்லா இருக்கும், தின்னு."

"ஒகுதேரா, கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

"ஏன் மெதுவாப் பேசணும்? மினோரி இதைப் பாத்தா என்ன ஆவா?"

"அதனாலதான் நான் வரையறேன்" என்றாள் அவள். "வேற யாராவது வரைஞ்சா அவங்க அவ முகத்தை அப்படியே வச்சுக்குவாங்க. வளத்தும் விடுவாங்க. அந்த உடம்புல என் பொண்ணு தலை உட்காந்திருக்கும். நான் வரைஞ்சாத்தான் அதை அழிக்க முடியும். ரப்பர் என் கையில இருக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அதன் பிறகு அவள் வேலை செய்த விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பேரம் பேசுகிற மீன்காரி மாதிரி செய்தாள். நவாத்தாவின் ஆட்கள் இடுப்பை இப்படி வையுங்கள் என்றால் வைத்தாள், மார்பைப் பெரிதாக்குங்கள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிதாக்கினாள். அவர்கள் திருப்தியாகச் சிரிக்கும் நேரத்தில் முகவாயைக் கொஞ்சம் கூர்மையாக்கிவிடுவாள். அடுத்த சுற்றில் புருவத்தை மெல்லியதாக்குவாள். உதட்டோரக் கடி போனது. "பதினேழு வயசுல சாயம் பூசியிருப்பா, கடிச்சா அழிஞ்சுடும்" என்றாள், அவர்களும் தலையாட்டினார்கள். வாரா வாரம் தாள் என் மேசைக்கு வரும். மினோரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தாள். நிறம் வைப்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். அந்தக் குழந்தையை எனக்கும்தானே தெரியும்.

கடைசியில் நின்றது இடது கண். அதில் கைவைக்க அவர்கள் விடவில்லை. பெரிய கூட்டம் கூட்டினார்கள். நிறத்துக்காக நானும் போயிருந்தேன்.

"அந்தக் கண்ணுதான் உருமே. அதை மாத்தினா ரசிகர்கள் நம்ம ஆபீஸைக் கொளுத்திடுவாங்க" என்றான் நவாத்தா.

செகிமோத்தோ அந்த மேசையைச் சுற்றிப் பார்த்தாள். நவாத்தாவின் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க பள்ளிக்கூடத்துல படிக்கும்போது காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?"

அந்தப் பெண் சிவந்துபோனாள். "மடிப்பு விழறதுக்கு இமைப் பசைதான் ஒட்டுவேன்" என்றாள். "பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே. கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல."

"அவ்வளவுதான்" என்றாள் செகிமோத்தோ. "ஒரு கண்ணுல மடிப்பு இருந்து இன்னொண்ணுல இல்லன்னா எந்தப் பொண்ணு சும்மா விட்டுவைப்பா? ரயில் முழுக்க அந்த விளம்பரம்தானே தொங்குது. பசை ஒட்டுவா. காசு சேந்தா டாக்டர்கிட்ட போய் நிரந்தரமா மடிப்பு போட்டுக்குவா. உருமே நிஜமான பொண்ணா இருந்தா இதைத்தான் செய்வா. ரசிகர்கள்கிட்ட அப்படியே சொல்லுங்க."

நவாத்தா மேசையைத் தட்டினான். "பிரமாதம்! இமைப் பசை கம்பெனிக்காரங்களையே கூட்டுச் சேத்துக்கலாம்!" என்றான். அவனுக்கு எல்லாமே வியாபாரம். ஆனால் கண் மாறியது. இடது இமைக்கு மேலே செகிமோத்தோ ஒரு கோடு போட்டாள். பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போ இவ யாரோ" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. நானும் நிம்மதியாக உணர்ந்தேன், பொய் சொல்வானேன்.

விளம்பரம் வெளியாகிற நாளில் அவள் மினோரிக்கு ஃபோனில் செய்தி அனுப்பினாள். 'உருமே இனி நீ இல்லை. அழித்துவிட்டேன். ஒரு தடவை வந்து பார்.' என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். பதில் வர நாளானது. தோழியின் கல்யாணத்துக்கு டோக்கியோ வருவதாகவும், இகெபுகுரோ நிலையத்தில் சந்திக்கலாம் என்றும் மினோரி எழுதியிருந்தாள். செகிமோத்தோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னையும் கூட வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

"நான் எதுக்கு நடுவுல?"

"நான் ஏதாவது தப்பாப் பாத்தா என் காலை மிதி."

இகெபுகுரோ நிலையத்தின் நிலத்தடிப் பாதை முழுக்க உருமே. தூணுக்குத் தூண் நீச்சல் உடையில் நிற்கிறாள், இரண்டு கண்களும் பளிச்சென்று திறந்திருக்கின்றன. ஜனங்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்தார்கள். கோடைக்கு இன்னும் நாள் இருந்தது; சளிக்காலம், பாதிப் பேர் முகமூடி. செகிமோத்தோ எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வருகிற ஒவ்வொரு பெண்ணின் இடது கண்ணையும் பார்ப்பாள், விட்டுவிடுவாள், அடுத்தவளைப் பார்ப்பாள்.

நான்தான் முதலில் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளை முகமூடி. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். அந்தக் கண்களுக்கு நிறம் வைத்தவள் நான், தூணில் இருக்கிற கண்களுக்கு. அதே கண்கள் நடந்து வந்தன. இரண்டிலும் மடிப்பு.

அந்தப் பெண் எங்கள் எதிரே வந்து நின்றாள். செகிமோத்தோ அவளைப் பார்த்தாள், "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் கூட்டத்தைப் பார்த்தாள்.

"யாரைம்மா தேடற?" என்றாள் அந்தப் பெண்.

செகிமோத்தோவின் முகத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மகளின் இடது கண்ணைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டுக்கிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அவ மூஞ்சி என் மூஞ்சில இருக்கக் கூடாதுன்னு வாரத்துல ஆறு நாள் எச்சில் கிண்ணம் கழுவிச் சேத்த காசு." மினோரி குரலை உயர்த்தவில்லை. "ரயிலை விட்டு இறங்கறேன், சுவர்ல நான் நிக்கறேன். இந்தக் கண்ணோட. அரைகுறைத் துணியில. யார்கிட்ட என் படத்தை வாங்கின? எங்க ஆஸ்பத்திரியில கேட்டியா?"

"இல்ல மினோரி. நான் உன்னைப் பாக்கவே இல்ல."

"பாக்காம எப்படி வரையற? அச்சு அசலா இருக்கு. அழிச்சுட்டேன்னு செய்தி வேற அனுப்பற. என்னை நீ விடவே மாட்டியாம்மா?"

அப்போது இரண்டு இளைஞர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பள்ளிப் பை முழுக்க உருமே பொம்மை தொங்கியது. ஒருவன் மரியாதையாகக் குனிந்து, "மன்னிக்கணும், உருமே வேஷம்தானே? தூண் பக்கத்துல நின்னு ஒரே ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றான்.

செகிமோத்தோ தன் கைப்பையைத் தூக்கி மகளின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "போங்க" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போங்கடா!" என்று அவள் கத்திய கத்தலில் பாதையே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் பயந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு?

பக்கத்தில் இருந்த காப்பிக் கடைக்கு இருவரையும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். செகிமோத்தோ வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் கொட்டினேன். நவாத்தா சொன்னது, அவள் ஒப்புக்கொண்டது, முகவாய், புருவம், உதடு, கூட்டத்தில் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். "உன் அம்மா மேல ஆயிரம் தப்பு இருக்கு. ஆனா இது உன்னைக் காப்பாத்தச் செஞ்சது. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்றேன்.

மினோரி காப்பியைத் தொடவில்லை. முகமூடியை இறக்கிவிட்டிருந்தாள். கீழுதட்டின் ஓரம் பல்லுக்கு அடியில் இருந்தது.

"அத்தை, கூட்டத்துல என்ன சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"நிஜமான பொண்ணா இருந்தா இதைத்தான் செய்வா, பசை ஒட்டுவா, காசு சேந்தா டாக்டர்கிட்ட போவான்னு."

மினோரி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாப் பொண்ணும் செய்வான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் குறிப்பெடுக்கற பொண்ணு செய்வான்னு தெரிஞ்சிருக்கு. அந்தப் பொம்மை செய்வான்னுகூடத் தெரிஞ்சிருக்கு. நான் செஞ்சிருப்பேன்னு தோணவே இல்லையா?"

செகிமோத்தோ இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"தோணல" என்றாள். "நீ எனக்கு ரெண்டாங்கிளாஸ்லயே நின்னுட்ட. மேசைக்கு அடியில. நான்தான் நிறுத்தி வச்சேன். உனக்கு வயசாகும்னு எனக்குத் தெரியல. இப்போ வெளியில, உன்னைத் தெரியாம வழி விடச் சொன்னேன்."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. மினோரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கேயும் ஒரு தூண், தூணில் அவள். விளம்பரம் இனிக் கோடை முடியும்வரை இருக்கும், விளையாட்டு அதற்கப்புறமும் இருக்கும். அந்தக் கண்ணைத் திரும்ப மாற்றச் சொல்லிக் கேட்க எங்கள் யாருக்கும் உரிமை இல்லை. இன்னொரு முகம் செய்துகொள்ள மினோரியிடம் காசும் இல்லை.

"என் ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் மினோரி. ஆனால் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். முன்மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"இப்போ பாரு. இதுதான் நான். நல்லாப் பாத்துக்கோ" என்றாள். "வரைஞ்சிடாத."

செகிமோத்தோ இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு மகளைப் பார்த்தாள்.